சொதியும் சுவிசேஷமும்

பெரம்பூரில் நான் போகிற சபையில் இப்போது ஒரு புதுப் பேச்சு அடிபடுகிறது. கன்வென்ஷன் பந்தல், ஒலிபெருக்கி, ரயில் பெட்டியில் கைப்பிரதி எல்லாம் பழசாகிவிட்டதாம். இனி ஒவ்வொரு குடும்பமும் தன் நண்பர்களை இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைக்க வேண்டும். சாப்பிட்டபின் வாழ்க்கை, துக்கம், கடவுள் என்று கொஞ்ச நேரம் பேச வேண்டும். அந்தப் பேச்சுவாக்கில் இயேசுவை அறிமுகப்படுத்த வேண்டும். வாலிபர்களுக்கு இதற்கென்று ஒரு பயிற்சி வகுப்பும் நடந்தது. நானும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். எல்லாம் சரி, ஒன்று மட்டும் தொண்டையில் இறங்கவில்லை. "கூப்பிடும்போது விஷயத்தைச் சொல்லிடாதீங்க. சும்மா சாப்பிட வாங்கன்னு மட்டும் சொல்லுங்க. சொன்னா வரமாட்டாங்க."

சொன்னால் வரமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டே சொல்லாமல் கூப்பிடுகிறோம் என்றால், அதை விருந்து என்று எப்படிச் சொல்வது?

நான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. சொந்த ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். என் வீட்டுக்காரர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பணியில் இருந்த காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் இந்தச் சாப்பாடும் பேச்சும் உண்டு. மாதத்துக்கு ஒரு தடவை என்று பெயர். நடப்பது எப்போது கைகூடுகிறதோ அப்போது. எதிர் வீட்டு மாமி வருவார். தையல்கடை பாயும் அவர் மனைவியும் வருவார்கள். என்னோடு வேலை பார்த்த வேதியியல் டீச்சர் வருவார். என் வீட்டுக்காரரின் தொழிற்சங்கத் தோழர் ஒருவர் வருவார். தோழர் பெரியார் திடலுக்குப் போய்வருகிறவர். கடவுள் என்ற சொல் காதில் விழுந்தாலே நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். நான் இயேசுவை விசுவாசிக்கிறவள், அவரைப் பற்றித் தங்களிடம் சொல்ல ஆசைப்படுகிறவள் என்று இவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒளிக்க என்ன இருக்கிறது? வாட்ஸ்அப்பில் நான் அனுப்புகிற செய்தி ஏறக்குறைய இப்படி இருக்கும்: "சனிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்குச் சாப்பிட வாங்க. சாப்பிட்ட பிறகு லூக்கா சுவிசேஷத்தில் ஒரு பகுதியைப் படித்துப் பேசுவோம். பேச்சு வேண்டாம் என்றால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம், வருத்தமில்லை." தோழர் எப்போதும் ஒரே பதில்தான் அனுப்புவார்: "பேச வருகிறேன். சாப்பாடு உபரி."

சொன்னதால் வராமல் போனவர்கள் உண்டா? உண்டு. மாடி வீட்டில் குடியிருந்த ஒரு தம்பதி, "ஆன்ட்டி, சாப்பிடக் கூப்பிடுங்க, வர்றோம். பைபிள் வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். வேறொரு நாள் பைபிள் இல்லாமல் வந்து சாப்பிட்டார்கள். வீடு மாற்றிப் போகும்வரை எங்கள் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இருந்தது. சொல்லாமல் கூப்பிட்டு நடுவில் வேதப்புத்தகத்தை எடுத்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

நம் சபைகளுக்குப் புதிதாகத் தெரிகிற இந்த முறை உண்மையில் பழையது. லண்டனில் பிராம்ப்டன் சாலையை ஒட்டி ஹோலி டிரினிட்டி என்ற ஆங்கிலிக்கன் ஆலயம் இருக்கிறது. 1977ல் அங்கே உதவிக் குருவாக இருந்த சார்ல்ஸ் மார்னம், கிறிஸ்தவத்தின் அடிப்படைகளைச் சொல்லிக்கொடுக்க ஒரு சின்ன வகுப்பைத் தொடங்கினார். 1990ல் அது நிக்கி கம்பெல் கைக்கு வந்தது. குருவாவதற்கு முன் அவர் வழக்கறிஞராக இருந்தவர். நம்பிக்கை இல்லாதவர்களும் வகுப்புக்கு வருவதைக் கவனித்து, அவர்களை மனதில் வைத்தே அதைத் திருத்தி அமைத்தார். ஆல்ஃபா என்ற பெயரில் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. ஆங்கிலிக்கர் தொடங்கியதைக் கத்தோலிக்கர் முதல் பெந்தெகொஸ்தேயினர் வரை நடத்துகிறார்கள். முதலில் சாப்பாடு, பிறகு ஒரு சிற்றுரை அல்லது காணொளி, அதன்பின் சிறு சிறு குழுக்களாகப் பேச்சு. வாரம் ஒன்றாகச் சில வாரங்கள் தொடரும். இடையில் ஒரு வாரக்கடைசியில் எல்லோரும் வெளியே போய்த் தங்குவார்கள். பரிசுத்த ஆவியானவரைப் பற்றிய செய்தி அங்கேதான்.

அந்த வெளியூர்த் தங்கலைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. வீட்டை விட்டு வந்து, பாட்டும் ஜெபமுமாக இருக்கிற கூட்டத்தின் நடுவில் ஒருவர் எடுக்கிற முடிவு எவ்வளவு தூரம் அவருடையது? ஆனால் ஆல்ஃபாவிடம் இரண்டு காரியங்களை மெச்சுவேன். இது கிறிஸ்தவ விசுவாசத்தைப் பற்றியது என்று விளம்பரத்திலேயே போட்டுவிடுகிறார்கள். வருகிறவர் தெரிந்தேதான் வருகிறார். இன்னொன்று, குழுவை நடத்துகிறவர்களுக்குத் தரும் பயிற்சி. யாராவது கேள்வி கேட்டால் உடனே பதிலைத் தூக்கிப் போடாதே, "மற்றவங்க என்ன நினைக்கிறீங்க?" என்று குழுவிடமே விடு என்கிறார்கள். என்னைப் போன்ற கணக்கு டீச்சருக்கு இதைவிடக் கஷ்டமான காரியம் கிடையாது. தப்பான விடை ஒன்று ஹாலில் மிதந்துகொண்டிருக்கும்போது கரும்பலகையைத் தேடிக் கை பரபரக்கும்.

ஆல்ஃபாவுக்கும் முந்தியது லாப்ரி. 1955ல் சுவிட்சர்லாந்தில் உவேமோ என்ற மலைக்கிராமத்தில் பிரான்சிஸ் ஷேஃபர், ஈடித் ஷேஃபர் என்ற அமெரிக்கத் தம்பதியர் தங்கள் வீட்டைத் திறந்து வைத்தார்கள். பெரிய திட்டம் எதுவும் இல்லை. லோசானில் கல்லூரியில் படித்த மூத்த மகள் வாரக்கடைசிகளில் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர்கள் கேள்வி கேட்டார்கள். அப்பா விடியவிடியப் பேசினார். அம்மா சமைத்தார். பிறகு உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் பிள்ளைகள் முதுகுப்பையோடு வந்து இறங்கினார்கள். அத்தனை பேருக்கும் அந்த அம்மாதான் சமைத்துப் போட்டார். ஷேஃபரின் புத்தகங்களை நம் இறையியல் மாணவர்கள் விழுந்து விழுந்து படிப்பார்கள். நான் அந்த அடுக்களையைப் பற்றித்தான் அதிகம் யோசித்திருக்கிறேன்.

ஏனென்றால் இந்த மாலைகளில் யாரும் பேசாத விஷயம் அதுதான். பயிற்சி வகுப்பில் எந்த வசனத்தைச் சொல்வது, எப்படிச் சாட்சி சொல்வது, பேச்சு திசை மாறினால் எப்படித் திருப்புவது என்று ஒன்றரை மணி நேரம் வகுப்பெடுத்தார்கள். சமைப்பது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்த விடையாயிற்றே.

எங்கள் வீட்டில் பேச்சு நாளில் தோசை கிடையாது. தோசை என்றால் ஒருத்தி கல்லின் முன்னால் நின்றுகொண்டே இருக்க வேண்டும். ஹாலில் ஆண்கள் பாவம், இரட்சிப்பு, பகுத்தறிவு என்று வெளுத்துக்கட்டுவார்கள், "இன்னொண்ணு போடட்டுமா?" என்பதோடு அவள் பேச்சு முடிந்துவிடும். மார்த்தாள் அடுக்களையிலிருந்து வந்து முறையிட்டதை லூக்கா எழுதி வைத்திருக்கிறார். அதைப் பிரசங்கிக்கிற ஐயர்மார் வீட்டிலும் மார்த்தாள்கள்தான் அதிகம். அதனால் எங்கள் வீட்டில் திருநெல்வேலிச் சொதி. பாசிப்பருப்பு, இரண்டு மூன்று தடவையாகப் பிழிந்த தேங்காய்ப்பால், முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, இறக்கியபின் எலுமிச்சம்பழம். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல். இடியாப்பத்தைச் சாயங்காலமே அவித்து மூடி வைத்துவிடலாம். எல்லாவற்றையும் மேஜைமேல் வைத்துவிட்டால் அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள், நானும் உட்கார்ந்துவிடுவேன். எங்கள் பக்கத்துச் சைவப் பிள்ளைமார் வீட்டுக் கல்யாணத்தில் மறுவீட்டு விருந்துக்குச் செய்கிற பதார்த்தம் இது. கிறிஸ்தவர் வீடு என்றால் பிரியாணி என்று நாக்கைத் தீட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு முதல் தடவை முகம் கொஞ்சம் சுருங்கும். சைவம் என்றால் எல்லோரும் ஒரே மேஜையில் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடலாம். பாய்க்கும் ஹலால் பற்றிக் கேட்க வேண்டிய சங்கடமில்லை. மாமிக்கு மட்டும் வெங்காயம், பூண்டு இல்லாமல் தனியாக ஒரு சின்னப் பாத்திரத்தில். ஆரம்பத்தில் மாமி வாழைப்பழமும் தண்ணீரும் மட்டும்தான் எடுத்துக்கொள்வார். நானும் கட்டாயப்படுத்தவில்லை, அவரும் விளக்கம் சொல்லவில்லை. ஒருநாள் அவராகவே தட்டை எடுத்தார்.

நாள் பார்ப்பதும் ஒரு வேலை. ஏகாதசி, புரட்டாசிச் சனிக்கிழமைகள், ரமலான் மாதம், எங்கள் லெந்து நாட்கள், பிளஸ் டூ தேர்வு எல்லாவற்றையும் கழித்துவிட்டால் வருடத்தில் மிஞ்சுகிற சனிக்கிழமைகள் அதிகமில்லை.

சாப்பாட்டுக்கு முன் ஜெபம் உண்டு. இரண்டே வாக்கியம்: உணவுக்கு நன்றி, வந்தவர்களுக்கு நன்றி. ஜெபத்துக்குள் பிரசங்கத்தை நுழைக்கிற பழக்கம் நம்மவர்களிடம் நிறையவே உண்டு. கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் பேசுவது போலப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற விருந்தாளிக்குச் செய்தி சொல்வார்கள். இவர்கள் கண்களைத் திறந்தருளும், இவர்களை இருளிலிருந்து மீட்டருளும் என்று. கையில் தட்டோடு நிற்கிற மனிதன் பாவம், ஆமென் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பான். தன்னை இருட்டு என்று சொன்ன வீட்டில் அவனுக்கு இடியாப்பம் இறங்குமா?

பேச்சு எங்கே போகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. சகேயு கதையைப் படித்த ஒரு மாலையில் வரி வசூல் பற்றிப் பேசுவோம் என்று நினைத்திருந்தேன். அது மதமும் பணமும் என்று போய், கடைசியில் தோழர் கேட்டார்: "சகோதரி, உங்க மதத்துல சாதி இல்லைங்கறீங்க. ஞாயித்துக்கிழமை பேப்பர்ல மணமகள் தேவை பக்கத்துல கிறிஸ்தவ நாடார், கிறிஸ்தவ வேளாளர், கிறிஸ்தவ ஆதிதிராவிடர்னு தனித்தனிப் பத்தியா போடறாங்களே, அது எந்தச் சுவிசேஷத்துல இருக்கு?" ஹாலில் சிரிப்பு. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் எதைச் சொல்லி மழுப்புவது? எங்கள் ஜில்லாவிலேயே வடக்கன்குளம் ஆலயத்துக்குள் சாதியாருக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு ஒரு பக்கம் என்று நடுவில் சுவர் இருந்தது. 1910ல்தான் அதை இடித்தார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் பிரிக்கிற சுவரைப் பற்றிப் பத்திரிகைகளில் எத்தனையோ முறை வந்துவிட்டது. இதையெல்லாம் தோழருக்கு நானே எடுத்துச் சொன்னேன். அவருக்குத் தெரியாத இரண்டு செய்திகளும் அதில் இருந்தன. "நீங்களே எனக்குப் பாயின்ட் எடுத்துக் குடுக்கறீங்களே" என்றார். விவாதத்தில் அன்று எனக்குத் தோல்விதான். அதற்காகக் கதையை மாற்றிச் சொல்ல முடியுமா?

இன்னொரு மாலையில் வேதியியல் டீச்சர் கேட்டது வேறு ரகம். அவருடைய அம்மா இறந்து அப்போது சில மாதங்கள் ஆகியிருந்தன. வாழ்நாள் முழுக்க முருகா முருகா என்று இருந்தவர். "உங்க நம்பிக்கைப்படி எங்க அம்மா இப்ப எங்க இருக்காங்க?" என்றார். பயிற்சி வகுப்பில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் கொடுத்திருந்தார்கள். நான் அதைச் சொல்லவில்லை. இயேசு யார் என்று எனக்குத் தெரியும், உங்கள் அம்மாவின் தீர்ப்பு என் கையில் இல்லை, அவர் என்னைவிட இரக்கமுள்ளவர் என்பது மட்டும் தெரியும் என்றேன். என் பதில் எங்கள் சபையில் சிலருக்குப் போதாது, அது எனக்குத் தெரியும். டீச்சருக்கும் போதவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அடுத்த தடவையும் வந்தார்.

கேள்வியை உண்மையாகத் திறந்துவிட்டால் அது கேட்கிறவரை மட்டுமல்லாமல் கூப்பிட்டவரையும் அசைக்கும். நம் மண்ணில் இதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. 1706ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து மதங்களைப் பற்றி வாதாடினார். அதோடு நிற்காமல், உங்கள் கடவுளர், உங்கள் சடங்குகள், எங்களைப் பற்றி உங்கள் எண்ணம் என்று தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பிப் பதில் வாங்கினார். அந்தக் கடிதங்கள், மொத்தம் 99, ஜெர்மனில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் அச்சாயின. ஐரோப்பியரின் குடியையும் நடத்தையையும் நம் ஆட்கள் அதில் விட்டு விளாசியிருக்கிறார்கள். 1713ல் அவர் தென்னிந்தியக் கடவுளரின் வம்சாவளியைத் தொகுத்து அனுப்பியபோது ஹாலேயில் இருந்த பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. புறமதத்தை ஒழிக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்ற தோரணையில் ஒதுக்கிவிட்டார்கள். 1867ல்தான் அந்த நூல் சென்னையில் அச்சேறியது. சீகன்பால்கு மதம் பரப்ப வந்தவர்தான். அதை அவர் மறைக்கவும் இல்லை. இருந்தும் எதிரில் உட்கார்ந்தவன் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டு எழுதி வைத்தார். எங்கள் பயிற்சி வகுப்பில் எழுதி வைக்கச் சொன்னது வேறு: வந்தவரின் பெயர், தொலைபேசி எண், "எந்த நிலையில் இருக்கிறார்" என்று ஒரு கட்டம். அந்தத் தாளை நான் நிரப்பித் தரவில்லை. என் நண்பர்களை ஆத்தும ஆதாயக் கணக்கில் வரவு வைக்க எனக்கு மனமில்லை. கணக்கு என் பாடம்தான், என்றாலும்.

ஸ்டான்லி ஜோன்ஸ் என்ற அமெரிக்க மெதடிஸ்ட் மிஷனரி 1907ல் இந்தியா வந்தார். அவர் நடத்திய வட்டமேஜைக் கூட்டங்களைப் பற்றி 1928ல் ஒரு புத்தகமே எழுதினார். இந்துக்கள், முஸ்லிம்கள், சந்தேகிகள் என்று பலரையும் கூப்பிட்டு வட்டமாக உட்கார வைப்பார். கிறிஸ்தவர்கள் அதில் சிறுபான்மையாகத்தான் இருப்பார்கள். வாதம் கூடாது, உங்கள் மதம் உங்கள் வாழ்க்கையில் என்ன செய்திருக்கிறது என்று மட்டும் ஒவ்வொருவரும் சொல்லுங்கள் என்பார். இந்தச் சிறுபான்மை விஷயம்தான் சூட்சுமம் என்று எனக்குத் தோன்றுகிறது. விருந்தாளி ஒருவர், விசுவாசிகள் எட்டுப் பேர் என்று உட்கார்ந்தால் அதற்குப் பெயர் கலந்துரையாடலா? நேர்முகத் தேர்வுதான் அது. எங்கள் வீட்டில் கிறிஸ்தவர்கள் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும். அவரும் பாதி நேரம் தோழர் பக்கம் சாய்ந்துவிடுவார்.

இந்த இடத்தில் சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கிறிஸ்தவர் வீட்டில் நாலு பேர் கூடி ஜெபித்தாலே சந்தேகத்தோடு பார்க்கிற காலம் இது. அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. ஆல்ஃபா தொடங்கிய அதே 1977ல் உச்ச நீதிமன்றம் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் அதற்கு விளக்கம் சொன்னது: தன் மதத்தை எடுத்துச் சொல்ல உரிமை உண்டு, இன்னொருவரை மதம் மாற்றுவது உரிமை ஆகாது. தமிழ்நாட்டில் 2002ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. பலாத்காரம், ஆசை காட்டல், மோசடி மூன்றையும் அது குற்றமாக்கியது. 2004 நாடாளுமன்றத் தேர்தல் முடிந்த கையோடு அரசே அதைத் திரும்பப் பெற்றது. அந்தக் காலத்தில் தோழர் இரண்டாம் தடவை சொதி ஊற்றிக்கொண்டே, "இது ஆசை காட்டலாகுமா சகோதரி? வக்கீலைக் கேக்கணும்" என்பார். அந்தச் சட்டத்தை எதிர்த்தவர்களில் நானும் ஒருத்தி. என்றாலும் ஆசை காட்டல், மோசடி என்ற சொற்களைக் கேட்டு நம்மவர்கள் கோபப்படுவதற்கு முன், "சொன்னா வரமாட்டாங்க" என்ற பயிற்சி வாக்கியத்தை ஒரு தடவை நினைத்துப் பார்க்கலாம். சட்டம் அதைத் தொடாது. நட்பு தொடும்.

நான் சொல்ல வந்ததில் பாதிதான் இது. மீதிப் பாதிதான் எங்கள் சபையாருக்குக் கசக்கும்.

சுவிசேஷங்களில் இயேசு எத்தனையோ பந்திகளில் உட்காருகிறார். எங்கே? மத்தேயு வீட்டில், சகேயு வீட்டில், பரிசேயனான சீமோன் வீட்டில், மார்த்தாள் வீட்டில், கானாவூர்க் கல்யாணத்தில். வனாந்தரத்தில் ஜனங்களுக்கு அப்பம் கொடுத்தார், கடைசி இராப்போஜனத்தை நடத்தினார், உயிர்த்தெழுந்தபின் கடற்கரையில் மீன் சுட்டுக் கொடுத்தார், சரி. ஆனால் வீடுகளில் என்று பார்த்தால் அவர் எப்போதும் விருந்தாளி. எழுபது பேரை அனுப்பும்போதும் அப்படித்தான்: எந்த வீட்டுக்குள் போகிறீர்களோ அங்கே தங்கி, உங்கள்முன் வைப்பதைச் சாப்பிடுங்கள் என்றார். செய்தியோடு போகிறவன் இன்னொருவர் வீட்டுத் திண்ணையில், இன்னொருவர் அடுப்பை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டும். பேதுரு யூதரல்லாத கொர்நேலியுவின் வீட்டுக்குப் போய்வந்தபோது எருசலேமில் எழுந்த முதல் குற்றச்சாட்டே, அவர்கள் வீட்டுக்குள் போய் அவர்களோடு சாப்பிட்டாயே என்பதுதான். என்ன பிரசங்கித்தாய் என்று யாரும் கேட்கவில்லை.

நாம் தலைகீழாக்கிவிட்டோம். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கே கேக் கொடுப்போம். எங்கள் பக்கத்தில் ஆலய அசனம் என்றால் எந்த மதத்தாரும் வந்து கை நனைத்துவிட்டுப் போவார்கள். அண்டா அண்டாவாகச் சோறு வடிப்பார்கள். கொடுப்பதில் நமக்குக் குறையே இல்லை. வாங்கச் சொன்னால்தான் தயக்கம். பொங்கலன்று பக்கத்து வீட்டிலிருந்து பாத்திரம் வந்தால் வாசலில் சிரித்து வாங்கி, கதவைச் சாத்தியபின் வேலைக்காரம்மாவிடம் தள்ளிவிடுகிற வீடுகள் எனக்குத் தெரியும். நவராத்திரிச் சுண்டலுக்கும் அதே கதி. படைத்ததைச் சாப்பிடலாமா என்பது மனச்சாட்சி சம்பந்தப்பட்ட காரியம், ஒத்துக்கொள்கிறேன். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் பத்தாம் அதிகாரத்தில் இரண்டு பக்கமும் பேசுகிறார்: அவிசுவாசி விருந்துக்கு அழைத்து உனக்குப் போக மனமிருந்தால் போ, வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடு, இது பலியிட்டது என்று ஒருவர் சொன்னால் சொன்னவர் பொருட்டுச் சாப்பிடாதே. என் மாமியார் கடைசிவரை தொடவில்லை, நான் தொடுகிறேன். இதில் ஒருவரை ஒருவர் தீர்க்க வேண்டியதில்லை. வேதியியல் டீச்சர் பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை கொடுத்தனுப்பும்போது ஒரு டப்பாவில் "படைக்காதது" என்று ஒட்டி அனுப்புவார். என் மனச்சாட்சிக்கு அவர் வீட்டு அடுக்களையில் தனியாக ஒரு டப்பா இருக்கிறது. சாப்பிட மாட்டேன் என்றால் அதை முகத்துக்கு நேரே அன்போடு சொல்ல வேண்டும். வாங்கித் தள்ளிவிடுவதுதான் அசிங்கம்.

சேர்ந்து சாப்பிடுவது நம் ஊரில் சாதாரணக் காரியமாக என்றைக்கும் இருந்ததில்லை. 1840களின் இறுதியில் அமெரிக்கன் மதுரை மிஷன் தன் உபதேசியார்களைச் சோதிக்க ஒரு வழி கண்டுபிடித்தது. அன்பின் விருந்து என்று பெயர். தாழ்த்தப்பட்டவர் சமைத்ததை எல்லோரும் சேர்ந்து சாப்பிட வேண்டும். மறுப்பவர் வேலையை இழப்பார். எத்தனையோ வருடம் வேதத்தைப் போதித்தவர்கள் அந்தத் தட்டுக்கு முன்னால் எழுந்து போனார்கள். மிஷனரிகள் செய்ததும் அராஜகம்தான் என்று ஒரு பக்கம் மனம் சொல்கிறது. சோற்றை வைத்துப் பரீட்சை நடத்துவது என்ன அன்பு? ஆனால் அந்தப் பரீட்சை காட்டிக்கொடுத்தது பொய்யில்லை. தமிழன் மனதில் என்ன இருக்கிறது என்று பந்தியில் தெரிந்த அளவுக்குப் பிரசங்க மேடையில் தெரிந்ததில்லை.

ஆகவே எங்கள் சபையின் பயிற்சி வகுப்பை நடத்துகிறவர்களிடம் எழுத்தில் இரண்டு கோரிக்கை கொடுத்திருக்கிறேன். அழைப்பில் விஷயத்தைச் சொல்லுங்கள். நண்பர்களைக் கூப்பிடுகிற ஒவ்வொரு குடும்பமும் அதே நண்பர்கள் வீட்டில், அவர்கள் பண்டிகையில், அவர்கள் பேச்சையும் ஒரு மாலை கேட்டுவிட்டு வரட்டும். முதலாவதைப் பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். இரண்டாவதற்கு மூப்பர் ஒருவர், "அது ஆபத்தாச்சே டீச்சர், நம்ம பிள்ளைங்க அந்தப் பக்கம் போயிட்டா?" என்றார். அந்த ஆபத்தைத்தான் நம் வீட்டுக்கு வருகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் ஏற்றுக்கொண்டு வருகிறார்கள் என்றேன். மூப்பர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

மாமியிடம் இதைச் சொன்னபோது, "அதுக்கென்ன, மார்கழியில ஆத்துல திருப்பாவை சொல்றோம். உங்க சர்ச்சுப் பசங்களையும் அழைச்சுண்டு வா. என்ன வேணும்னாலும் கேக்கட்டும்" என்றார். வாலிபர் கூட்டத்தில் அறிவித்தேன். மூன்று பேர் கை தூக்கினார்கள். காலை ஐந்தரைக்கே அங்கே இருக்க வேண்டும் என்றதும் ஒரு கை இறங்கியது.